வாசகர் கேள்வி-பதில்: கருமணல் முதல் காயலான் கடை வரை

கேள்வி: எங்கள் வீடு மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கருமணலில் கதிர்வீச்சு என்கிறார்களே, அதில் நடக்கலாமா? வீட்டில் என்ன கவனிக்க வேண்டும்? (வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்)

பதில்: கறுப்பைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். கறுப்பாக மினுங்குவது இல்மனைட் என்னும் டைட்டானியத் தாது, அது சாது. சிவப்பு, கார்னெட். இவற்றுக்கு நடுவே தேன் நிறத்தில் பொடிப்பொடியாகக் கிடக்கும் மோனசைட்டில்தான் தோரியம் என்னும் கதிர்வீசும் உலோகம் இருக்கிறது. மூன்றும் கனமானவை, லேசான மணலை அலை அடித்துப் போனதும் ஒரே இடத்தில் தங்கிவிடுகின்றன.

தாராளமாக நடக்கலாம். இயற்கையிலிருந்து மட்டும் ஒருவருக்கு உலக சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவெர்ட் (உடம்புக்குக் கிடைக்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) சேர்கிறது. அதில் பாதி, மூச்சோடு உள்ளே போகும் ரேடான் வாயுவின் கணக்கு. இதே மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில், கடலோரத்தின் சில இடங்களில் ஆண்டுக்கு 70 மில்லிகிரே (இங்கே ஏறத்தாழ மில்லிசீவெர்ட் என்றே வைத்துக்கொள்ளலாம்) வரை அளந்திருக்கிறார்கள். அப்பகுதியில் ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாகப் பத்தாண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வு 2009இல் வெளியானது. இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவில்லை.

அதற்காக அந்த மணலை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். கலவைக்கோ பூச்சுக்கோ தரை நிரப்பவோ எடுக்காதீர்கள். (உப்பு கம்பியை அரிக்கும் என்பது தனிக் கதை.) தோரியத்திலிருந்து வரும் தோரான் வாயுவின் அரை ஆயுள் (பாதி சிதைந்து தீர ஆகும் நேரம்) 56 விநாடிதான், சுவரைத் தாண்டி அதிகம் போவதற்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆகவே கட்டிலைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு முழம் தள்ளிப் போடுங்கள். ரேடானுக்கு அரை ஆயுள் 3.8 நாள், அது அறை முழுக்கப் பரவும். எதிரெதிர் ஜன்னல்களைத் தினமும் திறந்து வைத்தால் போதும். ஏசிக்காக நாள் முழுக்க மூடியே கிடக்கும் அறைதான் மோசம்.

கேள்வி: வயிற்றுக்கு சி.டி. ஸ்கேன் எழுதியிருக்கிறார்கள். எத்தனை எக்ஸ்ரேவுக்குச் சமம்?

பதில்: நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று 0.02 முதல் 0.1 மில்லிசீவெர்ட். வயிற்று சி.டி. சுமார் 8, சில இடங்களில் இன்னும் கூடும். ஆகக் குறைந்தது 80 எக்ஸ்ரே. தேவைப்படும் ஸ்கேனை இதைக் கேட்டு ஒத்திப்போடாதீர்கள், ஆனால் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். மருந்து ஏற்றாமல் ஒருமுறை, ஏற்றிய பிறகு இன்னொரு முறை எடுத்தால் அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். இரண்டும் வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். பழைய சி.டி. தட்டையும் ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். அது இல்லாததால் மறுபடி எடுப்பது நம் ஊரில் சர்வ சாதாரணம். கர்ப்பமாக இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால்கூட முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அல்ட்ராசவுண்டிலும் எம்.ஆர்.ஐ.யிலும் இந்த வகைக் கதிர்வீச்சே இல்லை.

கேள்வி: வாழைப்பழத்தில் கதிர்வீச்சு இருக்கிறதாமே?

பதில்: இருக்கிறது, உங்களிடமும் இருக்கிறது. எந்தப் பொட்டாசியத்திலும் 0.0117 சதவீதம் பொட்டாசியம்-40 என்னும் கதிர்வீசும் வகை. அதனால் வளர்ந்த ஒருவர் உடம்பில் விநாடிக்கு 4,000க்கும் மேற்பட்ட சிதைவுகள் நடக்கின்றன. பழத்தில் வரும் கூடுதல் பொட்டாசியத்தை உடம்பு சிறுநீரில் வெளியேற்றிவிடும். பயமில்லாமல் சாப்பிடுங்கள்.

கேள்வி: செல்போன் டவர்?

பதில்: அது ரேடியோ அலை, அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் சக்தி அதற்கு இல்லை. இந்தப் பட்டியலில் சேராது.

கேள்வி: பரணில் பழைய பெட்ரோமாக்ஸ் லைட்டும் சில மேண்டில்களும் கிடக்கின்றன. பயன்படுத்தலாமா?

பதில்: பழைய மேண்டில் என்றால் தோரியம் ஊறிய துணி. மணவாளக்குறிச்சி மணலுக்கு மவுசு வந்ததே இதற்காகத்தான். 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் அங்கே மோனசைட்டைக் கண்டறிந்தார். மேண்டில் உறைக்குள் இருக்கும்வரை பிரச்சினையில்லை. முதல்முறை கொளுத்தியதும் துணி எரிந்து வெறும் சாம்பல் வலை தொங்கும். விரல் பட்டாலே உதிர்ந்துவிடும். அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது. புதிதாகக் கட்டிக் கொளுத்துவதை முற்றத்தில் செய்யுங்கள். உடைந்ததை ஊதித் தள்ளாமல், ஈரத்துணியால் ஒற்றி எடுத்துப் பையில் கட்டிப் போடுங்கள், கை கழுவுங்கள். தோரியம் இல்லாத மேண்டிலும் இப்போது கிடைக்கிறது. அதை வாங்குவதே நல்லது.

கேள்வி: காயலான் கடை வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரி, ஆலைச் சாமான்களை ஏலத்தில் எடுக்கலாமா?

பதில்: இந்த வாரக் கேள்விகளில் உண்மையிலேயே ஆபத்து உள்ளது உங்களுடையதுதான். 2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரியில், ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்திலிருந்து ஏலத்தில் போன கருவியைப் பிரித்தபோது கோபால்ட்-60 என்னும் கடும் கதிர்வீசும் உலோகம் வெளியே வந்தது. பலர் பாதிக்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தார். மஞ்சள் பின்னணியில் மூன்று இதழ் விசிறி போன்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். பெயிண்டுக்கு அடியிலும் தேடுங்கள். கைக்கு அடக்கமான உருளை அளவுக்கு மீறிக் கனத்தால் உள்ளே ஈயக் கவசம் இருக்கலாம். ஈயத்துக்கு ஆசைப்பட்டு வெட்டாதீர்கள். சந்தேகம் வந்தால் கீழே வைத்துவிட்டு, ஆட்களை முப்பது மீட்டருக்கு மேல் தள்ளி நிறுத்தி, போலீசுக்கும் தீயணைப்புத் துறைக்கும் சொல்லுங்கள். பளபளக்கும் சின்ன உலோகத் துண்டு எதையும் பாக்கெட்டில் போடாதீர்கள்.