டீச்சர் சொல்லும் ரியலிசமும் அப்பா சொல்லும் ரியலிசமும்

மும்பை மாட்டுங்காவிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: பன்னிரண்டாவது படிக்கும் மகள், தாராவியில் குயவர்கள் இருக்கும் கும்பார்வாடாவில் பானைகள் காயும் சந்து ஒன்றை அச்சு அசலாக வரைந்திருக்கிறாள். டிராயிங் டீச்சரோ "கை சுத்தம், ஆனா இது ரியலிசம் இல்லை" என்கிறார். ஓவியம் படிக்கப் போகிறேன் என்றால் அப்பா "ரியலிஸ்டிக்கா யோசி" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

இரண்டு பேரும் பேசுவது வேறு வேறு விஷயம். முதலில் டீச்சர். அச்சு அசலாக வரைவது கைத்திறன், அவ்வளவுதான். ரவி வர்மா பட்டுப்புடவையின் மடிப்பைத் தொட்டுப் பார்க்கலாம்போல வரைந்தார், ஆனால் அதைக் கட்டியிருந்தவர்கள் லட்சுமியும் சரஸ்வதியும். 1849-ல் பிரான்சில் கூர்பே என்ற ஓவியர் வரைந்த 'கல் உடைப்பவர்கள்' படத்தைத் தேடிப் பாருங்கள் (அசல் 1945-ல் போரில் அழிந்துவிட்டது, போட்டோ இருக்கிறது). ராஜாக்களுக்கும் புராணத்துக்கும் ஒதுக்கும் பெரிய கேன்வாஸில், ரோட்டோரம் ஜல்லி உடைக்கும் இரண்டே பேர். மண்டியிட்ட கிழவரின் முகத்தைத் தொப்பி மறைக்கிறது, கிழிந்த சட்டைக்காரப் பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறான், யாரும் நம்மிடம் பரிதாபம் கேட்கவில்லை. அதுதான் ரியலிசம். உங்கள் மகள் படத்தில் பானை இருக்கிறது, சரி, மண் பிசைகிறவரும் சூளைப் புகையும் எங்கே? டீச்சர் கேட்பது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

தத்துவத்தில் இன்னொரு ரியலிசம் இருக்கிறது: நாம் பார்க்காவிட்டாலும் உலகம் தன்பாட்டுக்கு இருக்கிறதா? பழைய இந்தியத் தத்துவப் பிரிவுகளில் நியாய வைசேஷிகர்கள் ஆமாம் என்றார்கள், யோகாசார பௌத்தர்கள் எல்லாம் சித்தம்தான், அதாவது மனம்தான் என்றார்கள். எந்தப் பக்கம் நின்றாலும் காலேஜ் ஃபீஸ் குறையப்போவதில்லை.

அப்பாவுக்கு வருவோம். அவர் சொல்வது ஒரு கணிப்பு, கணிப்பு என்றால் கணக்குக் கேட்கலாம். பி.எஃப்.ஏ. என்கிற ஓவியப் பட்டம் 4 வருடப் படிப்பு. அரசுக் கல்லூரியில் என்ன செலவு, தனியாரில் என்ன, பெயிண்டிங் எடுத்தால் என்ன வேலை, விளம்பரம் அனிமேஷன் பக்கம் போகும் அப்ளைடு ஆர்ட் எடுத்தால் என்ன வேலை, இதையெல்லாம் மகளையே விசாரித்து ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். படித்து முடித்துப் பத்து வருஷம் ஆன நாலு பேரிடமும் பேசட்டும், ஜெயித்த ஒருவரிடம் மட்டும் பேசிவிட்டு வந்தால் செல்லாது. தாளைப் பார்த்த பிறகும் அப்பா வேண்டாம் என்றால், எந்த வரி இடிக்கிறது என்று கேளுங்கள். பணம்தான் இடிக்கிறது என்றால் கல்விக் கடன், உதவித்தொகை பற்றிப் பேசலாம். வரியே சொல்லாமல் "ரியலிஸ்டிக்கா இரு" என்று மட்டும் திரும்பச் சொன்னால், அது பயம். அதைப் பற்றி அவரை உட்கார வைத்துத் தனியாகப் பேச வேண்டும், மகள் இல்லாத நேரமாகப் பார்த்து.