மே மாதம், மாமியாரோடு இலங்கைக்குப் போகலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். மே மாத லீவில் நான், கணவர், இரண்டு பிள்ளைகள், 68 வயது மாமியார் எல்லோரும் இலங்கை போவதாக இருக்கிறோம். நுவரெலியா சீதையம்மன் கோயிலையும் திருகோணமலை கோணேசுவரரையும் தரிசிக்க வேண்டும் என்பது மாமியாரின் நெடுநாள் ஆசை. என் அண்ணனோ, "சர்ச்சிலும் ஹோட்டலிலும் குண்டு வெடிச்ச ஊருக்கா பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போறே? பேசாம கார்ல ராத்திரியோட ராத்திரியா கோவா போயிட்டு வாங்க" என்கிறார். நாத்தனார் டிட்வா புயலைச் சொல்லிப் பயமுறுத்துகிறார். கணவர் "நீயே முடிவு பண்ணு" என்று ஒதுங்கிவிட்டார். ஏதாவது ஆனால் பழி என் தலையில்தானே விழும்?
– வாசகி, திருச்சி

பதில்: அன்புச் சகோதரி, தாராளமாகப் போங்கள். ஆனால் உங்கள் வீட்டில் இதுவரை யாருமே பேசாத மூன்று விஷயங்களை மனதில் வைத்துத் திட்டம் போடுங்கள்: மே மாத மழை, வேன், கடல்.

அண்ணன் பயப்படுவதில் தப்பே இல்லை. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு அன்று மூன்று தேவாலயங்களிலும் கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்களிலும் குண்டு வெடித்து 250 பேருக்கு மேல் இறந்தார்கள். அதை டி.வி.யில் பார்த்தவர்களுக்கு எளிதில் மறக்காது. முந்தைய ஆண்டு மே மாதம் இலங்கைக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் சுமார் 1,29,000 பேர். 2019 மே மாதம் வந்தவர்கள் சுமார் 38,000 பேர்தான். குண்டு வெடித்தது கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும். ஆனால் மக்கள் ஒதுக்கியது முழு நாட்டையும். 2022-இல் பெட்ரோல், காஸ் தட்டுப்பாட்டின்போது மறுபடியும் கூட்டம் குறைந்தது. 2024-இல் வந்தவர்கள் 20 லட்சத்தைத் தாண்டினார்கள். அவர்களில் முதலிடம் நம் நாட்டவருக்குத்தான்.

கோவா யோசனைக்கு வருகிறேன். அதுதான் எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. இந்தியச் சாலைகளில் 2023-இல் மட்டும் 1.7 லட்சம் பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு நிறையப் பேர் விமானத்துக்குப் பயந்து காரில் கிளம்பினார்கள். அதனால் அடுத்த ஓராண்டில் சாலை விபத்துகளில் சுமார் 1,500 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று ஜெர்மானிய உளவியலாளர் கெர்ட் கிகரென்சர் கணக்கிட்டார். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு உங்கள் கணவர் விடிய விடிய ஓட்டுவது, கோணேசுவரம் போய் வருவதைவிட ஆபத்தானது. அண்ணனிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

இனி மழை. நாத்தனார் சொல்வதில் நியாயம் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் வந்த டிட்வா புயலில் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளைப் பக்கம் மண் சரிந்து சாலைகளும் மலை ரயில் பாதையும் பெயர்ந்துபோயின. ஆகவே, பழைய பயண வீடியோவைப் பார்த்து ரயிலை நம்பித் திட்டம் போடாதீர்கள். எந்த ஊர்வரை ஓடுகிறது என்று கிளம்பும் வாரத்தில் விசாரியுங்கள். புயல் போய்விட்டாலும் மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவமழை ஆரம்பித்துவிடும். 2016 மே மாதம் அரநாயக்கவில் மலைச்சரிவு கிராமங்களையே மூடியது. அடுத்த ஆண்டும் அதே மே மாதம், வெள்ளத்திலும் மண்சரிவிலும் 200 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே நேரத்தில் கிழக்குக் கரையில் வெயில் அடிக்கும், கடல் அமைதியாக இருக்கும். எனவே மே முதல் வாரத்திலேயே கிளம்பி, நுவரெலியாவை முதலில் முடித்துக்கொண்டு திருகோணமலைக்கு இறங்கிவிடுங்கள். தேதி மாதக் கடைசிக்குத் தள்ளிப்போனால் மலையை விட்டுவிடுங்கள். பிள்ளைகளைக் குளிக்க விடுவதும் கிழக்குக் கரையில்தான். மேற்கிலும் தெற்கிலும் அந்த மாதங்களில் அலை மோசமாக இருக்கும். கடற்கரையில் சிவப்புக் கொடி நட்டிருந்தால் கால் நனைக்கக்கூட விடாதீர்கள்.

வேன் விஷயத்தில் கறாராக இருங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் டிரைவரிடமே போனில் பேசுங்கள். பின் சீட்டிலும் பெல்ட் இருக்கிறதா, படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். "ராத்திரியும் ஓட்டுவீங்களா?" என்று சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் பிரச்சினையே இல்லை" என்றால் வேறு ஆளைப் பாருங்கள். "ஆறு மணிக்கு மேல் மலையில் ஓட்ட மாட்டேன்" என்பவர் கொஞ்சம் கூடக் கேட்டாலும் அவரையே பிடியுங்கள். 2025 செப்டம்பரில் எல்ல - வெல்லவாய மலைப்பாதையில் ராத்திரி ஒரு பேருந்து பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். ஹபரணையிலிருந்து திருகோணமலை போகும் காட்டுச் சாலையில் இருட்டினால் யானை குறுக்கே வரும். அதற்கும் பகல் பயணம்தான் வழி.

மாமியாருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் பயணக் காப்பீட்டில் அதை மறைக்காதீர்கள். பாலிசியில் எதற்கெல்லாம் பணம் கிடைக்காது என்ற பகுதியை முதலில் படியுங்கள். இலங்கையில் 1990-ஐ அழைத்தால் இலவச ஆம்புலன்ஸ் வரும். இந்தியாவின் உதவியோடு 2016-இல் தொடங்கிய சேவை அது. போலீஸுக்கு 119, சுற்றுலா உதவிக்கு 1912. எல்லோர் போனிலும் இதைப் பதிந்துவிடுங்கள்.

பழியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். படித்தபோது எனக்கு மனசு வலித்தது. ஐந்து பேர் போகிற பயணத்துக்கு ஒருத்தி மட்டும் எப்படிப் பொறுப்பாவாள்? "நீயே முடிவு பண்ணு" என்பது சுதந்திரம் கொடுப்பது போலத் தெரியும். கடைசியில் அது சுமையைத் தள்ளிவிடுவதுதான். உங்கள் கணவரை உட்கார வைத்து, எந்த நிலைமை வந்தால் பயணத்தை ரத்து செய்வது என்று இருவரும் சேர்ந்து இப்போதே எழுதுங்கள். இந்திய வெளியுறவுத் துறை போக வேண்டாம் என்று அறிவித்தால் ரத்து. நுவரெலியா மாவட்டத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை இருந்தால் மலைக்குப் போவதில்லை. அதற்கேற்ப, கடைசி நேரத்தில் ரத்து செய்தாலும் பணம் திரும்பக் கிடைக்கிற அறைகளையே பிடியுங்கள். எழுதிய தாளை அண்ணனுக்கும் நாத்தனாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

மாமியாரிடமும் உட்கார்ந்து பேசுங்கள். மழை வலுத்தால் சீதையம்மன் கோயில் இந்த முறை கிடைக்காமல் போகலாம், கோணேசுவரரைக் கட்டாயம் கும்பிடலாம் என்று திருச்சியிலேயே சொல்லிவிடுங்கள். கண்டிவரை போய்விட்டுத் திரும்பலாம் என்றால் பெரியவர்களுக்கு மனசு கேட்காது; "இவ்வளவு தூரம் வந்துட்டோமே" என்பார்கள், டிரைவரும் சரியென்று கிளம்பிவிடுவார்.