பிடித்த உணவைப் பற்றி ‘அருமை, செம ருசி’ என்பதைத் தாண்டி எழுதுவது எப்படி? சைதாப்பேட்டை வடகறி பற்றி ஒரு பதிவு எழுத வேண்டும்.

அந்த ருசி அடுப்பில் எந்த இடத்தில் உண்டாகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நாக்கில் படுவது ஒவ்வொன்றுக்கும் சமையலில் ஒரு காரணம் உண்டு. அது பிடிபட்டால் எழுத வரி கிடைக்கும்.

வடகறி என்பது கடலைப்பருப்பு வடையைப் பிய்த்து மசாலாக் குழம்பில் போட்டுச் செய்யும் பண்டம், இட்லி தோசைக்குத் தொட்டுக்கொள்வது. அதில் முதல் காரணம் பருப்பு அரைக்கும் பதம். ஒரு கப் கடலைப்பருப்பை 2 மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை ஒட்ட வடித்து, ஒரு டீஸ்பூன் சோம்பு, 3 காய்ந்த மிளகாய், உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். அங்கங்கே முழுப் பருப்பு தட்டுப்படலாம். மைய அரைத்தால் வடை இறுகிப்போய் உள்ளே குழம்பு ஏறாது. மென்றால் மாவாகத்தான் இருக்கும். பொரித்த வடையைப் பிய்த்துக் குழம்பில் போட்டால் பழுப்புத் தோல் பல்லில் லேசாக அழுந்தி, உள்ளே பொலபொலவென்று உதிரும். இட்லித் தட்டில் 10, 12 நிமிடம் ஆவியில் வேகவைத்து உதிர்த்துப் போடுபவர்களும் உண்டு. எண்ணெய் மிச்சம்தான், ஆனால் பொரித்த தோலின் வாசனை அதில் கிடையாது. நீங்கள் சாப்பிட்டது எது என்று பதிவில் சொல்லிவிடுங்கள்.

‘மணம் தூக்கியது’ என்று ஒரே வரியில் முடிப்பது பெரிய நஷ்டம். எண்ணெயில் பட்டை, கிராம்பு, சோம்பு பொரியும் வாசனை வேறு, வெங்காயம் சிவக்கும்போது வரும் இனிப்பு வேறு. இஞ்சி பூண்டு விழுதும் தக்காளியும் வதங்கி எண்ணெய் பிரியும்வரை பச்சை வாசனை நிற்கும். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால் கடைசிவரை போகாது. இறக்குமுன் போடும் புதினாதான் தட்டு மேசைக்கு வந்ததும் முதலில் மூக்கில் ஏறும். அந்த வரிசையிலேயே எழுதலாம்.

பலரும் கவனிக்காமல் விடுவது நேரம். வடகறி நிமிடத்துக்கு நிமிடம் மாறும் பண்டம். குழம்பு நீர்க்க இருக்கும்போதே வடையைப் போட்டு, 5 நிமிடம் கொதித்ததும் இறக்கிவிட வேண்டும், ஏனென்றால் பருப்பு அதற்குப் பிறகும் குழம்பைக் குடித்துக்கொண்டே இருக்கும். அரை மணி கழித்துப் பார்த்தால் கூட்டு மாதிரி கெட்டியாகிவிடும். கரண்டியால் அதிகம் கிளறினால் துண்டெல்லாம் கரைந்து களியாகும். முதல் நாள் மிஞ்சிய மசால் வடையைக் குழம்பில் போட்டுத் தொடங்கிய பண்டம் இது என்பார்கள். பழைய வடை ஈரம் வற்றி இருப்பதால் சீக்கிரம் உடையாமல் ஊறும். ஆகவே முதல் வாய்க்கும் கடைசி வாய்க்கும் என்ன வித்தியாசம் என்று எழுதுங்கள். பதிவின் உயிரே அந்த இடம்தான்.

உதாரணமாக: ‘முதல் துண்டில் தோல் இன்னும் ஊறவில்லை, பல்லில் அழுந்திப் பிறகுதான் உதிர்ந்தது. சோம்பு முன்னால் வந்தது, காரம் தொண்டையில் இறங்கியபின் தெரிந்தது. செட் தோசையின் துளைகளில் குழம்பு ஏறி, இரண்டாவது தோசை விரல் பட்டதும் நைந்தது.’ இதில் பாராட்டு ஒன்றுகூட இல்லை, ஆனாலும் படிப்பவருக்குப் பசிக்கும்.

ஐந்து புலனையும் திணிக்க வேண்டாம். வடகறிக்கென்று பெரிய சத்தம் கிடையாது. சத்தம் வேண்டுமென்றால் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துத் துடைப்பத்தால் தேய்க்கும் ‘சொய்ங்’ இருக்கிறது, அது போதும். ஊறிய வடையை ‘மொறுமொறு’ என்று எழுதிவிடாதீர்கள், சாப்பிட்டுப் பழகியவர் அந்த வரியிலேயே நம்பிக்கை இழப்பார். உவமை ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

குறிப்பை அங்கேயே உட்கார்ந்து எடுத்துவிடுங்கள்: தட்டு வந்ததும் வாசனை, முதல் வாய், 10 நிமிடம் கழித்துக் குழம்பின் பதம். வீட்டுக்கு வந்து யோசித்தால் ‘நல்லா இருந்துச்சு’ என்பது மட்டும்தான் நினைவில் நிற்கும்.