எழுபதை நெருங்கும் அப்பா அம்மாவை நேபாளத்தில் இருக்கும் முக்திநாத் கோயிலுக்கு அழைத்துப் போகலாமா? என்னென்ன கவனிக்க வேண்டும்?

கேட்டவர் தந்திருக்கும் விவரம் இது: அப்பாவுக்கு 69 வயது, சர்க்கரை உண்டு. அம்மாவுக்கு 64, முழங்கால் வலி. அக்டோபர் கடைசியில் எட்டு நாள் விடுப்பு. விமானமா, ஜீப்பா, டூர்காரர்கள் தரும் திட்டத்தை அப்படியே ஏற்கலாமா என்பது கேள்வி.

தாராளமாக அழைத்துப் போகலாம். ஆனால் முக்திநாத்தில் இரவு தங்காதீர்கள். கீழே ஜோம்சோமில் இரண்டு இரவு தூங்கி உடம்பைப் பழக்கிக்கொண்டு, காலையில் மேலே போய், தரிசனம் முடித்து, மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள். வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். என் அம்மாவுக்கு 67 வயதில் நடந்ததைப் பார்த்த பிறகு சொல்கிறேன்.

நாங்கள் போனபோது ஒரு டூர்காரர் போட்டுக் கொடுத்த திட்டப்படி காலை ஐந்து மணிக்குப் பொக்ராவில் ஜீப் ஏறினோம். சாயங்காலம் முக்திநாத் அடிவாரத்தில் இருக்கும் ராணிபௌவாவில் இறங்கினோம். பொக்ரா கடல்மட்டத்திலிருந்து சுமார் 820 மீட்டர். முக்திநாத் கோயில் சுமார் 3,700 மீட்டர். நம் தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான், அதற்கும் மேலே இன்னொரு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பகலில் இவ்வளவு உயரம் ஏறி அங்கேயே படுத்தோம். அங்கே மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன், கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்று அம்மா சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பயணக் களைப்பு என்று நினைத்துவிட்டேன். இரண்டு மணிக்கு எழுந்து வாந்தி எடுத்தார். தலை பிளக்கிறது என்றார்.

விடுதி நடத்தும் அக்கா தேநீரோடு ஓடி வந்தார். நேபாளியில் அம்மாவை ‘ஆமா’ என்றுதான் கூப்பிடுவார்கள். “ஆமா, பிஸ்தாரை, பிஸ்தாரை” என்று சொல்லிக்கொண்டே அம்மாவின் முதுகைத் தடவிக் கொடுத்தார். பிஸ்தாரை என்றால் மெதுவாக, நிதானமாக. தாழ்வாரத்துப் பலகையின் கோட்டின் மேல், ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரலோடு ஒட்டி வைத்து அம்மாவை நடக்கச் சொன்னேன். தள்ளாடாமல் நடந்தார். தள்ளாடியிருந்தால், பேச்சு குழறியிருந்தால், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இரைத்திருந்தால் அந்த நிமிடமே இறங்கியிருக்க வேண்டும். மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோக்கிறது என்பதற்கான அடையாளங்கள் அவை. அப்போது விடியட்டும் என்று காத்திருப்பது உயிருக்கே ஆபத்து. நாங்கள் வெளிச்சம் வந்ததும் ஜீப் பிடித்து ஜோம்சோம் இறங்கினோம். அது சுமார் 2,700 மீட்டர். ஒன்பது மணிக்கு அம்மாவே தேநீர் கேட்டார். வேகமாக உயரம் ஏறுவதால் வரும் இந்த மலை நோய்க்கு முதல் மருந்து கீழே இறங்குவதுதான். பூண்டு சூப் குடித்தால் சரியாகிவிடும் என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள். சூடாக இருக்கும், குடிக்கலாம். ஆனால் அதை நம்பி மேலேயே உட்கார்ந்துவிடக் கூடாது.

ஜோம்சோமில் இரண்டு இரவு தூங்கி எழுந்து மறுபடி மேலே போனபோது அம்மாவுக்கு ஒரு சின்னத் தலைவலிகூட இல்லை. அதே உடம்பு, அதே மலை. இடையில் கொடுத்த இரண்டு நாள்தான் வித்தியாசம்.

ஆகவே உங்கள் எட்டு நாளை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் காத்மாண்டு, இரண்டாம் நாள் பொக்ரா, மூன்றாம் நாள் ஜோம்சோம். நான்காம் நாள் எங்கும் ஏறாமல் பக்கத்தில் இருக்கும் மார்ஃபா கிராமத்தை மட்டும் பார்த்துவிட்டு ஓய்வு. ஐந்தாம் நாள் முக்திநாத் போய்த் திரும்புவது. ஆறாம் நாள் பொக்ரா. எட்டாம் நாள் ஊர் திரும்புவது; ஏழாம் நாளைக் காலியாக விடுங்கள். டூர்காரர் அந்த நாளில் எதையாவது செருக வருவார், விடாதீர்கள். அந்த ஒரு நாள் கையில் இல்லாததால்தான் பலர் மேகத்துக்குள் விமானம் கிளம்புமா என்று தவிக்கிறார்கள், அல்லது ராத்திரியில் மலைச்சாலையில் வண்டியை விரட்டச் சொல்கிறார்கள்.

பொக்ராவிலிருந்து ஜோம்சோமுக்குச் சின்ன விமானம் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் போய்விடும். ஒரு பக்கம் 8,167 மீட்டர் தௌலாகிரி, மறு பக்கம் 8,091 மீட்டர் அன்னபூர்ணா, நடுவில் காளி கண்டகி ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாகப் பறக்கும். முற்பகல் ஏற ஏற அந்தப் பள்ளத்தாக்கில் காற்று சீறத் தொடங்கிவிடும் என்பதால் விமானங்கள் காலையில் மட்டும்தான். மேகம் இருந்தால் அதுவும் ரத்து. சாலை வழி பேனி, தாதோபானி வழியாக எட்டிலிருந்து பத்து மணி நேரம், சில இடங்களில் குலுக்கி எடுக்கும். அம்மாவுக்கு முழங்கால் வலி என்கிறீர்கள், அதனால் போகும்போது விமானத்துக்குப் பதிவு செய்யுங்கள். ரத்தானால் ஜீப்பில் போக மனத்தளவில் தயாராக இருங்கள். ஜீப் என்றால் ஒரே மூச்சில் போக வேண்டாம். சுமார் 1,200 மீட்டரில் இருக்கும் தாதோபானியில் ஓர் இரவு நிறுத்துங்கள். அங்கே வெந்நீர் ஊற்று இருக்கிறது, முழங்காலுக்கு இதமாக இருக்கும். அப்படித் தங்கினால் ஓய்வு நாளோ ஏழாம் நாளோ ஒன்று செலவாகும். ஓய்வு நாளில் மட்டும் கை வைக்காதீர்கள்.

ஹெலிகாப்டரில் ஒரே நாளில் போய்வரலாமே என்று அப்பா கேட்பார், நிறைய பேர் கேட்கிறார்கள். மேலே குறைந்த நேரம் மட்டும் இருந்துவிட்டு உடனே இறங்குவதால் பலருக்கு ஒன்றும் ஆவதில்லைதான். ஆனால் இதய நோயோ நுரையீரல் பிரச்சினையோ இருப்பவர்களை டாக்டரைக் கேட்காமல் அதில் ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. உடம்பு பழக அவகாசமே இல்லாத வழி அது.

டாக்டரிடம் எப்படியும் போகத்தான் வேண்டும். இரண்டு பேரையும் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே கூட்டிப்போய், 3,700 மீட்டர் உயரத்துக்குப் போகிறோம் என்று எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். ‘நேபாள யாத்திரை’ என்று மட்டும் சொன்னால் அவருக்கு விளங்காது. அசிட்டசோலமைடு மாத்திரை, கடையில் டயமாக்ஸ் என்று கிடைப்பது, தேவையா என்பதை அவர் முடிவு செய்யட்டும். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்பா இன்சுலின் போடுபவர் என்றால், அது உறைந்துபோனால் வீணாகிவிடும், பெட்டியில் வைக்காமல் சட்டைக்கு உட்பக்கம் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். குளிரில் சர்க்கரை பார்க்கும் கருவி தப்பாகக் காட்டக்கூடும், அதையும் கதகதப்பாக வைத்திருக்க வேண்டும். தூக்க மாத்திரைப் பழக்கம் இருந்தால் மேலே போகும் நாட்களில் அதை என்ன செய்வது என்பதையும் டாக்டரிடமே கேளுங்கள்.

ஆவணங்கள் பற்றி: இந்தியர்களுக்கு விசா வேண்டாம். ஆனால் விமானத்தில் போக பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை, இரண்டில் ஒன்று கட்டாயம். ஆதார் மட்டும் போதும் என்று நினைத்து விமான நிலையத்தில் மாட்டிக்கொள்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் 15 வயதுக்குட்பட்டவர்களுக்கும் சலுகை உண்டு என்பதால் அப்பாவுக்கு ஆதார் செல்லும், அம்மாவுக்கு 64 என்பதால் செல்லாது. நம் ஊர் இனிஷியல் விவகாரமும் இருக்கிறது: அட்டையில் எப்படிப் பெயர் இருக்கிறதோ அப்படியே டிக்கெட்டில் போடுங்கள். நாலைந்து பாஸ்போர்ட் சைஸ் போட்டோ கையில் இருக்கட்டும். முக்திநாத் அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்குள் வருவதால் நுழைவு அனுமதி வாங்க வேண்டும், சிம் கார்டுக்கும் போட்டோ கேட்பார்கள். அந்த அனுமதி இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டினருக்கு 1,000 நேபாள ரூபாய், மற்ற வெளிநாட்டினருக்கு 3,000. பொக்ராவிலேயே வாங்கிவிடலாம்.

நம் 1 ரூபாய்க்கு அங்கே 1 ரூபாய் 60 பைசா. 1993இலிருந்து மாறாத விகிதம் இது, கணக்குப் போட எளிது. யாராவது விலை சொன்னால் “ஐசியா என்சியா” என்று கேளுங்கள்: இந்திய ரூபாயா, நேபாள ரூபாயா என்று அர்த்தம். பேரம் முடிந்தபின் வரும் சண்டைகளில் பாதி இதைக் கேட்காததால்தான். இந்தியப் பணத்தை நூறு ரூபாய்த் தாள்களாகக் கொண்டு போங்கள். ஐந்நூறு ரூபாய்த் தாள் விஷயத்தில் விதிகள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன, நடுவழியில் வாங்க மறுத்தால் சிரமம். 2024இலிருந்து நம் யுபிஐ மூலம் அங்கே கடைகளின் கியூஆர் குறியீட்டில் பணம் கட்ட முடிகிறது. காத்மாண்டுவிலும் பொக்ராவிலும் அது உதவும், மலைமேல் ரொக்கம்தான் நிச்சயம். சிம் வாங்கினால் நேபாள் டெலிகாம் வாங்குங்கள், மலைப்பகுதியில் அதுதான் அதிகம் எடுக்கிறது. பேருந்து டிக்கெட்டில் தேதியைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அவர்கள் பிக்ரம் சம்வத் நாட்காட்டி, ஆண்டு நம்முடையதைவிட சுமார் 57 கூடுதலாக இருக்கும், எண்களும் தேவநாகரியில் இருக்கும். எழுதித் தருபவரிடமே ஆங்கிலத் தேதியைக் கேட்டு ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கடிகாரம் நம்மைவிட 15 நிமிடம் முந்தி ஓடும்.

அக்டோபர் கடைசி நல்ல காலம். மழை விட்டு வானம் கழுவினதுபோல இருக்கும். தசைன், திஹார் பண்டிகைகள் எந்தத் தேதியில் வருகின்றன என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த நாட்களில் ஊருக்குப் போகும் கூட்டத்தில் வண்டியும் இருக்கையும் கிடைப்பது கஷ்டம். ஜூன் முதல் செப்டம்பர் வரை என்றால் போகவே வேண்டாம் என்பேன். 2024 ஜூலையில் சிமல்தால் என்ற இடத்தில் அதிகாலை நிலச்சரிவு இரண்டு பேருந்துகளைத் திரிசூலி ஆற்றுக்குள் தள்ளியது. எந்தக் காலமானாலும் இருட்டிய பிறகு மலைச்சாலையில் பயணம் வேண்டாம்.

சாப்பாட்டுக்குக் கவலைப்படாதீர்கள். தால் பாத் என்று கேட்டால் சோறு, பருப்பு, காய், கீரை, ஊறுகாய் தட்டில் வரும், போதும் என்று சொல்லும்வரை போடுவார்கள். ஜோம்சோம் பக்கம் தகாலி மக்கள் நடத்தும் வீட்டு உணவகங்களில் அது இன்னும் ருசி. கடுகெண்ணெய் வாசனை சிலருக்குப் பிடிக்காது. புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் ஒரு டப்பாவில் எடுத்துப் போங்கள். ஒரு வெந்நீர் பிளாஸ்க் அவசியம். புழுதிக்கு முகக்கவசம்.

இனி கோயில். திருமங்கையாழ்வார் பாடிய திருச்சாளக்கிராமம் இது என்று வணங்கித்தான் நம் ஊரிலிருந்து அவ்வளவு பேர் போகிறார்கள். பௌத்தர்களுக்கும் இது புனிதத் தலம். பக்கத்திலேயே ஜ்வாலா மாயி சன்னிதியில் தண்ணீர் ஓடும் இடத்தில் இயற்கை எரிவாயுச் சுடர் எரிவதைக் குனிந்து பார்க்கலாம். வண்டி நிற்கும் இடத்திலிருந்து கோயிலுக்கு அரைமணி நேர ஏற்றமும் படிகளும் உண்டு. அம்மாவுக்குக் குதிரை ஏற்பாடு செய்யுங்கள், விலையை ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். அதற்கு மேலும் கொஞ்சம் படி இருக்கும். பத்துப் படிக்கு ஒருமுறை நிற்கட்டும்.

சன்னிதிக்குப் பின்னால் அரைவட்டச் சுவரில் 108 காளைமுகத் தாரைகள். எல்லாவற்றிலும் நனைந்து, முன்னால் இருக்கும் இரண்டு குளங்களிலும் முங்குவது வழக்கம். உறைபனி உருகிய தண்ணீர் அது. வயதானவர்கள், அதுவும் இதய நோயோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள், அதில் தலையைக் கொடுக்கக் கூடாது. என் அம்மா முதல் தாரையின் கீழ் வலது உள்ளங்கையை நீட்டினார். தண்ணீர் பட்டதும் விரல்கள் சிவந்துவிட்டன. தலையில் தெளித்துக்கொண்டு அடுத்ததற்கு நகர்ந்தார். அப்படியே ஒவ்வொன்றாக, புடவைத் தலைப்பை ஒரு கையால் சேர்த்துப் பிடித்தபடி, 108ஐயும் தொட்டு முடித்தார். நான் பின்னால் துண்டோடு நடந்தேன். முடிக்கக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. பின்னால் வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள், யாரும் அவசரப்படுத்தவில்லை. உங்கள் அப்பா அம்மாவும் அப்படியே தெளித்துக்கொள்ளட்டும். உலர்ந்த சாக்ஸும் கம்பளித் தொப்பியும் உங்கள் கைப்பையிலேயே இருக்க வேண்டும், வண்டியில் விட்டுவிட்டு வராதீர்கள்.

அந்த ஏழாம் நாள் எந்தத் தடங்கலும் இல்லாமல் மிச்சமானால், காலை விமானத்தில் காத்மாண்டு வந்து, நேராகப் புதாநீல்கண்டா கோயிலுக்கு அழைத்துப் போங்கள். தண்ணீருக்கு நடுவே ஒரே கல்லில் பெருமாள் படுத்திருக்கிறார். படி ஏற வேண்டாம், குளிராது, குளத்தைச் சுற்றி நின்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்கலாம்.