எர்ரர் வரவில்லை, ரிப்போர்ட் வரிகள் எங்கே?

கேள்வி: மேடம், மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸான எஸ்கியூஎல் சர்வர் 2014-இலிருந்து 2019-க்கு மாறினோம். ஒரு எர்ரரும் இல்லை. பிறகு கம்பாட்டிபிலிட்டி லெவலை (எந்தப் பதிப்பின் விதிப்படி டேட்டாபேஸ் நடக்க வேண்டும் என்ற அமைப்பை) 120-இலிருந்து 150-க்கு உயர்த்தினோம். அன்றைக்கே ஒரு ரிப்போர்ட்டில் பாதிக்கு மேல் வரிகளைக் காணோம். ஆர்டர் டேபிளையும் ஆர்க்கைவ் டேபிளையும் நேரத்தை வைத்து ஜாயின் செய்யும் (ஒரே நேரமுள்ள வரிகளை இணைக்கும்) ரிப்போர்ட் அது. நேரத்தைச் சேமிக்கும் டைப் ஆர்டரில் டேட்டைம் (datetime), ஆர்க்கைவில் டேட்டைம்2(7), அதாவது விநாடிக்குப் பின் 7 தசம இலக்கம். திறந்து பார்த்தால் நேரம் இரண்டிலும் ஒன்றாகத்தான் தெரிகிறது. டேட்டா கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். ஜாயினில் கிடைத்த பழைய வரிகளை எடுத்து மில்லிசெகண்டின் கடைசி இலக்கத்தைப் பாருங்கள், எல்லாமே 0 ஆக இருக்கும். விடுபட்டவை 3-இலோ 7-இலோ முடியும்.

டேட்டைம் ஒரு விநாடியை 300 துண்டாக்கி, நள்ளிரவிலிருந்து எத்தனை துண்டு கடந்தது என்ற எண்ணைத்தான் சேமிக்கிறது. ஒரு துண்டு 3.333... மில்லிசெகண்ட். திரையில் தெரியும் .003 சுருக்கிக் காட்டியது. ஜாயினில் இரண்டையும் ஒப்பிட, சர்வர் டேட்டைமை டேட்டைம்2-ஆக மாற்றும். லெவல் 120 வரை அப்படி மாற்றும்போது அந்தச் சுருக்கிய மதிப்பே போகும்: .0030000. லெவல் 130 முதல் உள்ளிருக்கும் மதிப்பு போகிறது: .0033333. உங்கள் ஆர்க்கைவில் இருப்பதோ பழைய .0030000, எப்படிப் பொருந்தும்? மூன்று துண்டு சேர்ந்தால் சரியாக 10 மில்லிசெகண்ட். மூன்றில் ஒரு பங்கு வரிகள் தப்பித்தது அதனால்தான்.

கணக்குப்படி புதிய முறைதான் சரி. ஆனாலும் அப்கிரேடில் நான் மிகவும் அஞ்சுவது, டைப்பின் பெயர் அப்படியே இருக்க நடத்தை மட்டும் மாறுவதைத்தான். டைப்பையே நீக்கிவிட்டால் வாசலிலேயே தெரிந்துவிடும். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸின் 12-ஆம் பதிப்பில் ஆப்ஸ்டைம் (abstime) என்ற பழைய நேர டைப்பை எடுத்துவிட்டார்கள். அந்த டைப்பில் ஒரு நெடுவரிசை இருந்தாலும் அதன் அப்கிரேட் கருவியான பிஜி_அப்கிரேட் மேலே நகராது.

லெவலை 120-க்கு இறக்க வேண்டாம். உயர்த்திய பிறகு ஆர்க்கைவுக்குப் போன வரிகளில் .0033333 இருக்கும், இறக்கினால் அவை பொருந்தாது. இன்றைக்கு ரிப்போர்ட் வேண்டுமென்றால் ஜாயினில் இரு பக்கத்தையும் டேட்டைம்2(3)-ஆக காஸ்ட் செய்யுங்கள் (டைப்பை மாற்றி ஒப்பிடுங்கள்). இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) சரியாகப் பயன்படாமல் மெதுவாக ஓடக்கூடும், ஆனால் வரிகள் வந்துவிடும். நிரந்தரத் தீர்வு, இரண்டு நெடுவரிசைகளையும் டேட்டைம்2(3)-ஆகவே மாற்றிவிடுவது. முழு பேக்கப் எடுத்துவிட்டு, ஆர்க்கைவ் ஜாபை நிறுத்தி, அந்த நெடுவரிசைகளில் உள்ள இண்டெக்ஸ்களை நீக்கி மாற்றியபின் திரும்பக் கட்டுங்கள். டேட்டைமுக்கு 8 பைட், இதற்கு 7தான்.

அப்ளிகேஷன் பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். அப்ளிகேஷனை டேட்டாபேஸோடு இணைக்கும் என்டிட்டி ஃப்ரேம்வொர்க் கோர், தேதி பாராமீட்டரை இயல்பாக டேட்டைம்2-ஆகத்தான் அனுப்பும். டேட்டைம் நெடுவரிசையை அப்படி ஒப்பிடும் அப்டேட்டில் மதிப்பு பொருந்தாவிட்டால் சர்வர் எர்ரர் தராது, ‘0 வரிகள் மாறின’ என்றுதான் திரும்பும்.