ஒரே கிணற்றிலிருந்து பெட்ரோலும் தலை எண்ணெயும்

கேள்வி: 110 சிசி ஸ்கூட்டர் வைத்திருக்கிறேன். பிரீமியம் பெட்ரோல் போட்டால் பவர் கூடும், இன்ஜினும் நன்றாக உழைக்கும் என்று பங்கில் சொல்கிறார்கள். கூடுதல் விலை கொடுக்கலாமா? (ஈரோடு)

பதில்: வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் மாதச் சம்பளக்காரர்கள் வீணாகப் பணம் கட்டுவதைப் பார்த்துப் பார்த்து மனம் ஆறவில்லை. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

கச்சா எண்ணெய் தனி ஒரு பொருள் கிடையாது. கார்பனும் ஹைட்ரஜனும் பல விதமாகச் சேர்ந்த எத்தனையோ பொருள்களின் கலவை அது. மணலியில் இருப்பது போன்ற சுத்திகரிப்பு ஆலையில் அதை 350 டிகிரி அளவுக்குச் சூடாக்கி உயரமான கோபுரத்துக்குள் விடுகிறார்கள். சின்ன மூலக்கூறுகள் ஆவியாகி மேலே போகும், பெரியவை கீழே தங்கும். மூன்று, நான்கு கார்பன் இருந்தால் சமையல் கேஸ். ஏறக்குறைய ஐந்திலிருந்து பன்னிரண்டு வரை பெட்ரோல். அதற்கு மேல் மண்ணெண்ணெய், டீசல். அடியில் கிடப்பது தார்.

பெட்ரோலுக்குள்ளேயே சில மூலக்கூறுகள் நூல் பிடித்தது போல நேராக இருக்கும், சில கிளை விட்டிருக்கும். இன்ஜினுக்குள் அழுத்தம் ஏறும்போது நேரானவை, பிளக்கிலிருந்து தீ வந்து சேரும் முன்பே தானாகப் பற்றிக்கொள்ளும். ‘டக் டக்’ என்று இன்ஜின் தட்டுவது அதனால்தான். கிளை விட்டவை அவ்வளவு சீக்கிரம் பற்றாது. நேரான ஹெப்டேனுக்கு 0, கிளை விட்ட ஐசோ-ஆக்டேனுக்கு 100 என்று வைத்துக்கொண்டு போடும் மதிப்பெண்தான் ஆக்டேன் எண். அழுத்தத்தைத் தாங்குமா என்பதை மட்டும் அது சொல்லும். லிட்டருக்கு எவ்வளவு சக்தி என்று சொல்லவே சொல்லாது. எத்தனாலைப் பாருங்கள். அதன் ஆக்டேன் எண் 100-க்கு மேல். ஆனால் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலில் மைலேஜ் கொஞ்சம் இறங்குவதற்கும் இதுதான் காரணம்.

வண்டிப் புகையைக் குறைக்க 2020-இல் வந்த பி.எஸ்.6 தரத்திலேயே சாதாரண பெட்ரோலுக்குக் குறைந்தது 91 ஆக்டேன் கேட்டார்கள். வண்டியோடு வந்த புத்தகத்தை எடுங்கள். அதில் 91 என்று போட்டிருந்தால் 95 ஆக்டேன் பிரீமியம் போட்டு ஒரு லாபமும் இல்லை. அழுத்த விகிதம் அதிகமுள்ள ஸ்போர்ட்ஸ் பைக், டர்போ கார் வைத்திருப்பவர்களில் சிலருக்குத்தான் அது தேவை. அவர்களுக்கும் புத்தகமே சொல்லிவிடும்.

கேள்வி: ஜெனரேட்டருக்காக ஐந்து லிட்டர் பெட்ரோலைத் தண்ணீர் கேனில் பிடித்து சமையலறைப் பரணில் வைத்திருக்கிறோம். எத்தனை மாதம் கெடாமல் இருக்கும்? (திண்டுக்கல்)

பதில்: முதலில் அதை வீட்டை விட்டு வெளியே கொண்டு போங்கள், இப்போதே.

கேள்வி: தனியாக இருக்கிறேன், வயது 71. ஐம்பது நாள் வரும் சிலிண்டர் இந்த முறை 31 நாளில் தீர்ந்துவிட்டது. கேட்டால், “நிறைய சமைச்சிருப்பீங்க பாட்டி” என்கிறார் கொண்டுவரும் தம்பி. ஒவ்வொரு முறையும் 50 ரூபாய் வேறு வாங்கிக்கொள்கிறார். (கும்பகோணம்)

பதில்: அம்மா, உங்கள் கணக்கில்தான் எனக்கு நம்பிக்கை. ஒற்றை ஆளுக்குச் சமைப்பவருக்கு கேஸ் எத்தனை நாள் வரும் என்பது அத்துப்படி. சிலிண்டரின் மேல்பகுதியில் காலி எடை கிலோவில் எழுதியிருக்கும். 15.8 என்று இருந்தால், அதோடு 14.2 கிலோ கேஸ் சேர்ந்து 30 கிலோ நிற்க வேண்டும். தராசு கொண்டுவருவது அவர்கள் பொறுப்பு. சீலைப் பிரிக்கும் முன்பு, பணம் கொடுக்கும் முன்பு, எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை யாராவது கூட நிற்கட்டும். வீட்டில் கொண்டுவந்து தரும் கூலி பில் தொகையிலேயே அடங்கிவிட்டது, அந்த 50 ரூபாயை நீங்கள் தர வேண்டியதே இல்லை. எடை குறைந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டு ஏஜென்சிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். நம் மாநிலத்தில் எடையளவு மோசடியைப் பார்ப்பது தொழிலாளர் துறை, அங்கேயும் மனு கொடுக்கலாம்.

இன்னொன்றையும் பாருங்கள். சிலிண்டர் கழுத்துப் பட்டையில் ‘B-27’ போல எழுத்தும் எண்ணும் இருக்கும். A என்றால் ஜனவரி முதல் மார்ச், B என்றால் ஏப்ரல் முதல் ஜூன். இப்படியே D வரை. அடுத்த சோதனைக்கு அனுப்ப வேண்டிய காலம் அது. தாண்டியிருந்தால் வாங்காதீர்கள்.

கேள்வி: பங்கில் 300 ரூபாய்க்குப் பெட்ரோல் போடச் சொன்னேன். போனில் பேசிக்கொண்டிருந்தேன். 200-இல் நிறுத்திவிட்டு மறுபடி 100-க்குப் போட்டதாகச் சொன்னார்கள். பில் வாங்கவில்லை. வழக்குப் போடலாமா? (மதுரை)

பதில்: எதை வைத்துப் போடுவீர்கள்? பங்கில் போனே பேசக்கூடாது. மீட்டரில் சுழியம் பார்க்கவில்லை, பில்லும் இல்லை. அடுத்த முறை இறங்கி நின்று பாருங்கள். சந்தேகம் வந்தால் ஐந்து லிட்டர் அளவுப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. 25 மில்லிக்கு மேல் குறையக் கூடாது. வடிதாள் சோதனையும் கேட்கலாம். தாளில் விட்ட ஒரு சொட்டு பெட்ரோல் இரண்டு நிமிடத்துக்குள் கறையில்லாமல் காய வேண்டும். கறை தங்கினால் கலப்படமாக இருக்கலாம்.

கேள்வி: பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம் மைலேஜைக் கூட்டுமா? (நாமக்கல்)

பதில்: கூட்டாது. சில வருடங்களுக்கு முன் ஒரு பொருட்காட்சியில் 1,200 ரூபாய் கொடுத்து நானே வாங்கினேன். மூலக்கூறுகளை வரிசைப்படுத்தி முழுசாக எரிக்கும் என்று விற்றவர் படம் போட்டுக் காட்டினார். ஆறு மாதம் டேங்க் நிரப்பும்போதெல்லாம் நோட்டில் எழுதி வந்தேன், லிட்டருக்கு 46 கிலோமீட்டர் 46-ஆகவே நின்றது. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: பெட்ரோலில் இருக்கும் கார்பன்-ஹைட்ரஜன் மூலக்கூறுகளைக் காந்தம் ஏறக்குறைய ஒன்றுமே செய்வதில்லை. அப்புறம், சரியாக ஓடும் இன்ஜினில் பெட்ரோல் ஏற்கெனவே ஏறக்குறைய முழுசாக எரிந்துவிடுகிறது. வீணாவது வெப்பமாக, சைலன்சர் வழியாகவும் இன்ஜின் சூட்டிலும். டயர் காற்றைச் சரி பார்த்தாலே இதைவிட மிச்சமாகும்.

கேள்வி: குழந்தைக்குத் தேய்க்க பாதாம் எண்ணெய் வாங்கினேன். பாட்டிலின் பின்னால் ‘மினரல் ஆயில்’ என்று இருக்கிறது. அப்படியென்றால்? (திருச்சி)

பதில்: கச்சா எண்ணெயிலிருந்து எடுத்து, நிறமும் மணமும் போகச் சுத்தம் செய்த எண்ணெய். ‘லிக்விட் பாரஃபின்’ என்றும் போடுவார்கள். தோலில் பட்டால் பயமில்லை. ஆனால் நீங்கள் கொடுத்தது பாதாம் விலை. பட்டியலில் அதிகம் இருப்பது முதலில் வரும். அதில் பாதாம் எத்தனையாவது இடம் என்று பாருங்கள். நானும் என் மகளுக்கு இரண்டு வருடம் அதைப் படிக்காமலே வாங்கித் தேய்த்தேன். குழந்தையின் வாய்க்கோ மூக்குக்கோ அது போகக் கூடாது. இந்த மெல்லிய எண்ணெய் புரையேறினால் நுரையீரலைப் பாதிக்கும். பாட்டிலைக் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.