பழைய ஜாஸ் இசைத்தட்டுகள் ஒரு பெட்டி நிறையக் கிடைத்துள்ளன. அவற்றைத் தரம் பிரித்து விற்பது எப்படி?

வீட்டைக் காலி செய்யும்போது நடக்கும் எஸ்டேட் சேல் ஒன்றில் இந்தப் பெட்டி உங்கள் கைக்கு வந்திருக்கும் என்றும், அதில் புளூ நோட், பிரெஸ்டீஜ் நிறுவனங்களின் தட்டுகள் சில இருப்பதைப் பார்த்து இணையத்தில் விலை தேடியிருப்பீர்கள் என்றும், மலைத்துப்போய் இங்கே கேட்டிருக்கிறீர்கள் என்றும் எண்ணுகிறேன். நியூஜெர்சியில் குடியேறிய பிறகு இதே நிலையில் நானும் இருந்திருக்கிறேன். நான் தொழில்முறை வணிகன் அல்லன்; என்னைவிட நன்கு அறிந்தவர்கள் இந்தத் தளத்திலேயே இருக்கலாம். ஆனால் தவறாகத் தரம் குறித்து, ஒரு நல்ல மனிதரின் நம்பிக்கையை நான் கெடுத்திருக்கிறேன். அதனால்தான் இந்தப் பதில் நீள்கிறது.

மாண்ட்கிளேர் ஊரில் ஒரு வீட்டில் நாற்பது தட்டுகள் கொண்ட பெட்டியை 120 டாலருக்கு வாங்கினேன். அதில் டிரம் கலைஞர் ஆர்ட் பிளேக்கியின் குழு 1958 அக்டோபரில் ஹேக்கன்சாக் நகரில் பதிவு செய்த, புளூ நோட்டின் 4003 என்னும் எண்ணுள்ள தட்டு இருந்தது. ஹேக்கன்சாக் என் வீட்டிலிருந்து அரை மணி நேரப் பயணம். ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர் தம் பெற்றோர் வீட்டின் வரவேற்பறையையே ஒலிப்பதிவுக் கூடமாக வைத்திருந்த ஊர் அது. 1959இல்தான் அவர் எங்கல்வுட் கிளிஃப்ஸில் தனிக்கூடம் கட்டிச் சென்றார். நான் வாழும் மண்ணில் பிறந்த தட்டு என்ற எண்ணமே அன்று என்னைக் கிறங்க வைத்தது. லேபிளில் புளூ நோட்டின் அக்கால நியூயார்க் முகவரியான 47 வெஸ்ட் 63ஆம் தெரு என்பது இருந்தது; லேபிளின் மேலேயே டீப் குரூவ் எனப்படும் ஆழமான வளையப் பள்ளம் பதிந்திருந்தது; கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் இடையிலுள்ள வெற்று வளையத்தில் வான் கெல்டரின் பெயரின் முதலெழுத்துகளான ஆர்.வி.ஜி. என்பவையும், பிளாஸ்டிலைட் ஆலையில் அச்சானதைக் காட்டும், சேகரிப்பாளர்கள் ‘காது’ என்று அழைக்கும் சிறு குறியும் இருந்தன.

அது அசல் அச்சு என்பதில் ஐயமில்லை. நான் சறுக்கியது தரத்தில். சமையலறைக் குழல்விளக்கின் கீழே தட்டைச் சாய்த்துப் பார்த்தேன், ஒரு கீறல்கூடத் தென்படவில்லை, கண்ணாடிபோல் மின்னியது. ‘நியர் மின்ட்’, அதாவது கிட்டத்தட்டப் புதியது, என்று எழுதி விற்பனைக்கு இட்டேன். ஒசாகாவில் உள்ள ஒருவர் 340 டாலருக்கு வாங்கினார். மூன்று வாரம் கழித்து மிகப் பணிவான ஒரு கடிதம் வந்தது. தொடக்கத்தில் வரும் பியானோ தெளிவாக இருப்பதாகவும், லீ மார்கனின் டிரம்பெட் தனித்து எழும் இடத்திலிருந்து உரத்த சுரங்கள் அனைத்தும் கரகரத்து உடைவதாகவும் எழுதியிருந்தார். பணம் திருப்பித் தரும்படி அவர் கேட்கவில்லை. விற்பதற்கு முன் தட்டை ஒருமுறையேனும் ஓட்டிக் கேட்டீர்களா என்று மட்டும் கேட்டிருந்தார். நான் கேட்டிருக்கவில்லை. அஞ்சல் செலவு உட்பட முழுத்தொகையையும் அனுப்பிவிட்டேன். அந்தக் கேள்வி எனக்கு இன்றும் உறுத்துகிறது.

காரணத்தைப் பிறகு புரிந்துகொண்டேன். இன்றைய நல்ல ஊசிகள் தட்டின் மீது சுமார் 2 கிராம் எடையோடுதான் ஓடுகின்றன. ஐம்பதுகளில் வீடுகளில் இருந்த தானியங்கி ஓட்டிகளின் ஊசிகளோ அதைப்போலப் பல மடங்கு எடையோடு, பெரும்பாலும் தேய்ந்த முனையோடு ஓடின. கீறல் மேற்பரப்பில் விழுவது, கண்ணுக்குத் தெரியும். தேய்மானமோ தடத்தின் சுவரில் நிகழ்வது. ஒலி உரத்து எழும் இடங்களிலும் லேபிளை நெருங்கும் உட்தடங்களிலும்தான் அது காதுக்கு முதலில் புலப்படும். ஆகவே, தட்டைக் கழுவி உலர்த்திய பிறகு, கூரையிலிருந்து பரவும் ஒளியில் அல்லாமல், மேசைவிளக்கின் நேரடி ஒளியில் பாருங்கள்; கீறல் இருந்தால் நகத்தை மெல்ல ஓட்டி, தட்டுப்படுகிறதா என்று பாருங்கள்; பின்பு ஒவ்வொரு பக்கத்தின் மிக உரத்த பகுதியையும் கடைசிப் பாட்டையும் கட்டாயம் ஓட்டிக் கேளுங்கள். நாற்பது தட்டுகளையும் கேட்க நேரம் ஏது என்று சிலர் சொல்வார்கள். ஐந்து டாலர் தட்டுக்கு அது பொருந்தலாம். நூறு டாலரைத் தாண்டும் தட்டுக்குப் பொருந்தாது.

தரநிலைக்கு அமெரிக்காவின் கோல்ட்மைன் இதழ் வகுத்த அளவுகோலையே பெரும்பாலோர் பின்பற்றுகிறார்கள். அதன்படி ‘வெரி குட் பிளஸ்’ தட்டு ‘நியர் மின்ட்’ விலையில் ஏறக்குறையப் பாதியும், ‘வெரி குட்’ கால் பங்கும் பெறும். அரிய தட்டுகளுக்கு இக்கணக்கு அப்படியே பொருந்தாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் ஒரு படி தவறினால் எவ்வளவு பணம் இடம் மாறுகிறது என்பதை அது காட்டுகிறது. ஐயம் வந்தால் ஒரு படி கீழே குறியுங்கள். உறைக்கும் தட்டுக்கும் தனித்தனியே தரம் எழுதுங்கள். ‘அறுபது வயதுத் தட்டுக்கு இது நல்ல நிலைதான்’ என்று தயவுசெய்து எழுதாதீர்கள். ஊசிக்குத் தட்டின் வயது தெரியாது.

எந்த அச்சு என்பதைக் கண்டறிவதிலும் ஒரு அடையாளத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். 1960களின் நடுவில் லிபர்ட்டி நிறுவனம் புளூ நோட்டை வாங்கிய பிறகு, எஞ்சியிருந்த பழைய ‘நியூயார்க் யு.எஸ்.ஏ.’ லேபிள்களைப் புதிய அச்சுகளிலும் ஒட்டியது. தட்டுகளை வார்க்கும் பழைய உலோக வார்ப்புகளும் தொடர்ந்து பயன்பட்டதால் வான் கெல்டரின் குறி அவற்றிலும் இருக்கும். காதுக் குறி இருக்காது. காது இல்லாத இத்தகைய மறுஅச்சை அசல் என்று விற்றால் அறிந்தவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

வாங்குபவர்கள் எல்லாரும் அந்த ஒசாகா மனிதரைப் போன்றவர்கள் அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒருவர் என்னிடம் காதுக் குறியுள்ள தட்டை வாங்கி, ‘இரைச்சல்’ என்று புகார் செய்து, பின்னாளைய மறுஅச்சு ஒன்றை என் உறைக்குள் வைத்துத் திருப்பி அனுப்பினார். விற்பனைத் தளம் என் விளக்கத்தைக் காதில் வாங்காமல் பணத்தை அவருக்கே கொடுத்தது. வெற்று வளையத்தை நான் படம் எடுத்து வைக்காததால் என்னிடம் சான்று இல்லை. இப்போது அனுப்பும் ஒவ்வொரு தட்டிலும் அந்த வளையத்தின் எழுத்துகளையும், லேபிளில் நடுத்துளையைச் சுற்றி ஓட்டியின் நடுத்தண்டு உரசிய தடங்களையும் படம் எடுத்துவிடுகிறேன். அனுப்பும்போது தட்டை உறையிலிருந்து வெளியே எடுத்து, உள்ளுறையோடு உறைக்குப் பின்னால் வைத்து, இருபுறமும் கெட்டி அட்டை கொடுத்துக் கட்டுங்கள். உள்ளேயே விட்டால் வழியில் தட்டு அசைந்து உறையின் மேல்விளிம்பைக் கிழித்துவிடும்.